பிழைத்தவன் காசு கொடுக்க வேண்டும்

பாய்,

இன்று காலை மருத்துவமனையில் காத்திருந்தபோது உங்கள் பிளாஸ்க்கைத் திறந்தேன். உள்ளே வெறும் தண்ணீர்தான். ஆனாலும் மூடியைத் திருகியதும் சீரக வாசம் வந்தது. வீட்டில் சரசு அதைச் சோடா உப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் கவிழ்த்துப் பார்த்தாள், போகவில்லை. எவர்சில்வருக்குள் சீரகம் வேர் பிடித்துவிட்டது என்று கடைசியில் விட்டுவிட்டாள். கதிர்ச் சிகிச்சை என் மூக்கையும் நாக்கையும் துடைத்து எடுத்த பிறகு எனக்கு முதன்முதலாகத் திரும்பி வந்த வாசம் அது. போய்விடக் கூடாதே என்று அவளுக்குத் தெரியாமல் அவ்வப்போது ஒரு சிட்டிகை சீரகத்தைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குலுக்கி வைப்பது நான்தான்.

வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிற சோதனை. டாக்டர் புதியவர், சின்னப் பெண். கழுத்தைத் தடவிப் பார்த்தார், மூக்கு வழியாகக் குழாயை விட்டு உள்ளே பார்த்தார். "நல்லா இருக்கு அங்கிள், அடுத்த வருஷம் வாங்க" என்றார். ஜொகூரிலேயே இந்த நோயோடு இத்தனை வருடம் நடமாடுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று அவரே வியந்து போனார். நீங்கள் இருந்திருந்தால் இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்திருப்பீர்கள். சரி பாய். அவர் வியக்கவில்லை. "உங்கள மாதிரி நெறைய பேர் வர்றாங்க அங்கிள்" என்றுதான் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் மாற்றிச் சொன்னேன்.

மதியம் பாசிர் கூடாங்கில் ஒரு வேலை இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை என்று வண்டியோடே வந்திருந்தேன். சாவு வண்டியைக் கொண்டுபோய் மருத்துவமனையில் நோயாளிகளின் கார்களுக்கு நடுவே நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா. பக்கத்தில் இருந்த இரண்டு கார்களும் வேறு இடம் தேடிப் போய்விட்டன. காவலாளி, ஒரு மலாய்க்காரப் பெரியவர், ஓடி வந்து மலாயில் கேட்டார், யாரை எடுக்க வந்திருக்கிறேன் என்று. "என்னைத்தான்" என்றேன். அவர் "அலமாக்" என்று ஓரடி பின்னால் போனார். அட்டையை எடுத்துக் காட்டி, நோயாளி நான், இது என் பிழைப்பு என்று விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். கிளம்பும்போது எனக்காகத் தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிப் பிடித்தார். இந்தக் கதையை உங்கள் கடையில் சொல்லியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும். சொல்ல ஆளில்லாமல்தான் எழுதுகிறேன்.

நான் கொள்கலன் லோரி ஓட்டிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு தெப்ராவ் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்து இறக்குவேன். உங்கள் மூலைக் கடை நடுவழியில். கொள்கலனை இழுக்கிற லோரித் தலை சொந்தம், பழையதுதான், ஆனால் என் பெயரில். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன் சொந்த லோரிக்கு முதலாளி. நாற்பதடிக் கொள்கலனை, ஒரு கையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, தலையைத் திருப்பி ஒரே ஒரு பார்வை பார்த்து, பின்பக்கமாக ஏற்றுமேடைக்குள் செருகுவேன். துறைமுகத்துச் சீனர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். இதை நான் கடையில் சொன்னபோது நீங்கள் தேநீர் ஆற்றிக்கொண்டே மற்ற ஓட்டுநர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மணியம் சொன்னதுல பாதியை எடுங்க. மிச்சத்துலயும் பாதியை எடுங்க. அப்புறமா நம்புங்க."

அதுதான் நமக்குள் வழக்கமாகிவிட்டது. நான் ஊதுவேன், நீங்கள் குறைப்பீர்கள். இருவருக்கும் நடுவில் எங்கேயோ உண்மை உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்.

மூக்கில் ரத்தம் வந்து, கழுத்தில் ஒரு கட்டி எழும்பி, கடைசியில் டாக்டர் சொன்னார். மூக்குக்குப் பின்னால் புற்றுநோய். முற்றித்தான் இருக்கிறது, ஆனால் கதிர்ச் சிகிச்சைக்கு மசிகிற வகை, உடனே வந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. அவர் சொன்னது இவ்வளவுதான். நான் அங்கிருந்து நேராக உங்கள் கடைக்கு வந்தேன். எல்லா ஓட்டுநர்களும் இருந்தார்கள். "நல்ல வாய்ப்பு உண்டு" என்று சொன்னால் அது ஒரு கதையா பாய்? "டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு" என்றேன்.

கடை அப்படியே நின்றது. ரொட்டி வீசியவர் மாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்னோடு ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த ஒருவன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். அப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அது கிடைத்த பிறகு, சொன்ன கதைக்குத் தக்கபடி நடக்க வேண்டியதாகிவிட்டது. சாகப்போகிறவன் சாகப்போகிறவனைப் போல நடந்துகொள்ள வேண்டாமா?

லோரித் தலையை விற்றேன். அவசரம் என்று தெரிந்ததும் வாங்கிய தௌக்கே, அந்தச் சீன முதலாளி, பாதி விலைக்குத்தான் கேட்டார். கொடுத்தேன். நோய்க்காகச் சேமநிதியில் எடுக்கலாம் என்றார்கள், எடுத்தேன். மகளுக்குச் சங்கிலி, மருமகனுக்கு மோதிரம், முனீஸ்வரருக்கு மேல்கூரை. பிறகு என் இறுதி ஊர்வலத்துக்கு நானே ஏற்பாடு செய்தேன். பாசிர் கூடாங் சாலையில் ஈமச்சடங்குச் சேவை நடத்தும் செல்வாவிடம் போய், சுற்றிலும் விளக்குப் போட்ட வண்டி, வண்டி நிறையப் பூ, பண்டார் தெங்காராவில் இருந்து வரும் உறுமி மேளக் குழு என்று எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டினேன். எங்கள் தாமான் குடியிருப்பில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு மேளம் அடித்ததில்லை. அதைக் கேட்க நான் இருக்க மாட்டேனே என்பதுதான் ஒரே குறை.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். உயிரோடு இருக்கும்போதே ஒரு விருந்து. தாமான் மண்டபம், உங்கள் கைப் பிரியாணி. ஐந்நூறு பேர் வந்தார்கள். சரி, பாதியில் பாதி. ஆனாலும் மண்டபம் நிறைந்தது, அதை நீங்களும் மறுக்க முடியாது. எல்லாரும் வந்து என் கையைப் பிடித்தார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொன்னேன். சரசு மட்டும் சாப்பிடவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் மண்டபத்துக்குப் பின்னால் உங்களைத் தேடி வந்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவின் மூடியில் இருந்த கரியைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"மணியம், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க பாய். என் கடைசி ஆசையா?"

"உன் கடைசி ஆசையை நான் ஆக்கிப் போட்டுட்டேன், எல்லாரும் தின்னுக்கிட்டு இருக்கானுங்க. நான் கேக்குறது வேற. செத்துப்போறதுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டே. பொழச்சுக்கிட்டா என்ன பண்ணுவே?"

"அது நடக்காது பாய்."

"நடந்துட்டா? சாவு ஒரு நாள் செலவு. பொழைப்பு தெனைக்கும் செலவு லா."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சரசுவைப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு, "தங்கச்சிக்கு நீயே கொண்டுபோய்க் கொடு" என்று என் கையில் வைத்தீர்கள்.

பிறகு சிகிச்சை. முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்து, தலையை மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அந்தக் காலத்துப் போர்வீரனைப் போல இருந்தேன் என்று சரசுவிடம் சொன்னேன். மீன் வலையில் மாட்டிய கெளுத்தியைப் போல இருந்தது என்பதை உங்களிடம்தான் சொன்னேன். வாரங்கள் போகப் போகத் தொண்டை வெந்து எச்சில் வற்றிவிட்டது. சோறு மணலாக இறங்கியது, தண்ணீர் முள்ளாக இறங்கியது. ருசி என்பதே இல்லை. தேங்காய்ச் சட்னிக்கும் சுவரில் அடிக்கிற சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்போதுதான் இந்த பிளாஸ்க் வந்தது. நோன்புக் கஞ்சியை, மிளகாய் இல்லாமல், வெள்ளைத் துணியில் வடிகட்டி, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் ஊற்றித் தருவீர்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்வேன், திரும்பும்போது வெறும் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வருவேன். நோன்பு இல்லாத மாதத்தில் பாய் கடையில் என்ன நோன்புக் கஞ்சி என்று ஒருவர் கேட்டதற்கு, "மணியத்துக்கு எல்லா மாசமும் நோன்புதான்" என்றீர்கள். ஒரு நாள்கூடக் காசு வாங்கவில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத, வெதுவெதுப்பான தே ஓ குடிக்கிற அளவுக்குத் தொண்டை தேறிய பிறகும் வாங்கவில்லை. நான் சட்டைப் பையில் கை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

அப்புறம் ஒரு நாள் டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் வைத்துக் காட்டிச் சொன்னார், கட்டி கரைந்துவிட்டது என்று.

பாய், அதைவிட நல்ல சேதி உலகத்தில் உண்டா? நானும் சரசுவும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். இந்த முறை உண்மையாகவே டாக்டர் என் கையைப் பிடித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் உங்கள் கேள்வி உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தது. லோரி இல்லை. சேமிப்பு இல்லை. வீட்டுக்கடன் அப்படியே இருந்தது, வங்கியில் இருந்து போன் வரத் தொடங்கியிருந்தது. சங்கிலியையும் மோதிரத்தையும் திருப்பிக் கேட்க முடியுமா? முனீஸ்வரரிடம் கூரையைக் கேட்க முடியுமா? பாசார் சந்தைப் பக்கம் போனால், விருந்துக்கு வந்தவர்கள் அன்போடுதான் கேட்டார்கள், "இன்னும் இருக்கீங்களாண்ணே?"

சரசு தொழிற்சாலையில் கிடைத்த ஓவர்டைம் ஓட்டியெல்லாம் செய்தாள். கூடுதல் நேரம் நின்று நின்று, திரும்பி வரும்போது தொழிற்சாலைப் பேருந்தில் தூங்கி, எங்கள் நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வருவாள். எத்தனை முறை அப்படி நடந்தாள் என்று என்னிடம் சொன்னதில்லை. அவள் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு தௌக்கேயிடம் போய் லோரி ஓட்டக் கேட்டேன். என் பெயரைச் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டார், அது பொய்யில்லை. ஏறி உட்கார்ந்து, கொள்கலனைப் பின்பக்கமாக எடுக்கத் தலையைத் திருப்பினேன். கழுத்து வரவில்லை. கதிர் பட்ட இடமெல்லாம் உள்ளுக்குள் கட்டை மாதிரி இறுகிவிட்டிருந்தது. உடம்பையே திருப்பிப் பார்த்தேன், கால் பிரேக்குக்கு எட்டவில்லை. கண்ணாடியை நம்பி எடுத்தேன், தூணில் இடித்தேன். சீனர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். தௌக்கே ஒன்றும் திட்டவில்லை. வந்து கதவைத் திறந்து, நான் இறங்க எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து உங்கள் கடைக்கு வந்து ஒரு தே ஓ குடித்தேன். எழுந்தபோது கல்லாவில் இருந்து குரல் வந்தது.

"ஒரு வெள்ளி இருவது."

நான் வேறு யாருக்கோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"மணியம், உன்னத்தான். தே ஓ ஒரு வெள்ளி இருவது."

"என்ன பாய், இத்தன நாளா கேக்கலியே."

"இத்தன நாளா நீ நோயாளி. நோயாளிகிட்ட நான் காசு வாங்குறதில்ல. இப்ப டாக்டர் சொல்லிட்டாருல்ல. பொழச்சவன் காசு கொடுக்கணும்."

"என்கிட்ட இல்ல பாய்."

"அப்ப சம்பாரி."

கடை முழுக்கக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில், நல்லவேளை, குரல் எழும்பவில்லை. அந்த நோய் என் தொண்டையில் பாதியைத் தின்றிருந்தது. நான் வாசல் வரை போய்விட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்து, தோளில் கிடந்த துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, உங்கள் பழைய வேனின் கதவைத் திறந்தீர்கள்.

"ஏறு. உன் சாவுக்காரனைப் பாத்துட்டு வரலாம்."

முன்பணத்தைத் திரும்ப வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்தீர்கள். செல்வா நல்ல பையன். நாற்காலி போட்டு, மைலோ வாங்கி வரச் சொல்லி, தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, சந்தோஷம்ண்ணே. ஆனா டெபாசிட் திருப்பிக் கொடுக்க முடியாது. மேளக்காரப் பசங்க வாங்கி செலவு பண்ணிட்டானுங்க. ஒண்ணு, காலாவதி கிடையாது. எப்ப வேணாலும் வாங்க, நான் செஞ்சு தர்றேன்."

"இவன் இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியலியே தம்பி" என்றீர்கள்.

"அதுக்கு நான் என்ன பாய் பண்ண முடியும்?"

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. பேசிவிட்டு மேசையில் வீசினான். ஓட்டுநர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் பாலம் தாண்டிப் போய்விட்டானாம், அடுத்த நாள் ஒரு காரியம் இருக்கிறது, வண்டிக்கு ஆளில்லை. நீங்கள் மைலோவை ஒரு மிடறு குடித்துவிட்டு, மெதுவாக, ஏதோ கடைச் சாமான் விலை கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"மணியம் ஓட்டுவான்."

"பாய், என் கழுத்து திரும்பாது."

"சாவு வண்டி எதுக்கு லா பின்னால பாக்கணும்? முன்னால பாத்து மெதுவாப் போனாப் போதும். வேகமாப் போனா உனக்குக் காசு கொடுப்பாங்களா?"

செல்வா என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "கஸ்டமரையே டிரைவராப் போடச் சொல்றீங்களா?"

"முன்பணம் கட்டுன ஆளு தம்பி. விட்டுட்டு ஓடிப்போக மாட்டான்."

அவன் முதலில் சிரித்தான், அப்புறம் நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து எச்சில் இல்லாத தொண்டை அடைத்து இருமல் வந்தது. நீங்கள் வேனுக்குப் போய் பிளாஸ்க்கை எடுத்துவந்து கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் சொன்னீர்கள், "இனி இதை நீயே வச்சுக்க. வேலைக்குப் போறவனுக்குத் தண்ணி வேணும்."

சரசு ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. "கென்சர் போச்சுன்னு சாமி கும்பிட்டுட்டு வந்தா, சாவையே வீட்டுக்குக் கூட்டியாறீங்களா?" என்றாள். நீங்கள்தான் வந்து பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று தெரியவில்லை. நான் வெளியே கேட் அருகில் நின்றேன். கடைசியில் அவள் கட்டளைகளோடு வந்தாள். வண்டி வீட்டு முன்னால் நிற்கக் கூடாது. வெளிக்குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசற்படி ஏறக் கூடாது. சாப்பிடும்போது அன்றைய சாவுக் கதை பேசக் கூடாது. முதல் இரண்டும் எனக்கு ஒன்றுமில்லை பாய். அந்த மூன்றாவதுதான்.

அதனால் கதையெல்லாம் உங்கள் கடைக்கு வந்தது. ஜொகூரில் பாதிப் பேரை நான்தான் மின்சுடலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன் என்று சொல்வேன். நீங்கள் கல்லாவில் இருந்தபடியே, "மீதிப் பாதி இங்கதான்டா டீ குடிக்குது, சத்தமாப் பேசாத" என்பீர்கள். முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன். தொடவில்லை. "தங்கச்சி கையில கொடு. உன் கையில இருந்தா அது விருந்தாயிரும்" என்றீர்கள். அன்று முதல் இன்று வரை அப்படித்தான். குடும்பத்தார் வண்டிக்காரனுக்கென்று தருகிற அன்பளிப்பைக்கூட அப்படியே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் இருந்து போன் வருவது நின்றது. அப்புறம் சரசு ஓட்டி செய்வதை நிறுத்தினாள். முதல் முறையாக அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்த நாளில் நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சீனப் பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தோம். அதைப் போல ஒரு விருந்தை நான் சாப்பிட்டதில்லை.

உடம்பைக் கேட்டால், அது ஒரு பழைய லோரி. பின்பற்கள் எல்லாம் போய்விட்டன. இடது காதில் எப்போதும் ஒரு வண்டு இரைகிறது. மிளகாய் வாசம் பட்டாலே நாக்கு எரியும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். ஆனால் வண்டி ஓடுகிறது பாய். ஆயுள் காப்புறுதி எடுக்கப் போனபோது நோயின் பெயரைக் கேட்டதும் அந்தப் பையன் பேனாவை மூடிவிட்டான். அதைச் சொல்லி நான் நொந்துகொண்டபோது நீங்கள் சொன்னீர்கள், "உனக்கெதுக்கு? கடைசிச் செலவு கட்டியாச்சு. மத்ததைப் பாரு." மற்றதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரசு மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறாள், பல்லுக்கு, காதுக்கு, எனக்கு முன்னால் இருக்கிற வருடங்களுக்கு. எவ்வளவு என்று எனக்குச் சொல்வதில்லை. நல்லதுதான், தெரிந்தால் ஊருக்குப் பத்து மடங்காகச் சொல்வேன்.

ஒவ்வொரு வருடமும் சோதனை முடிந்ததும் நேராகக் கடைக்கு வருவேன். நீங்கள் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டீர்கள். தே ஓவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் காசை எடுத்து மேசையில் வைப்பேன். அதில் இருந்து தெரிந்துகொள்வீர்கள். "ம்" என்று எடுத்துக் கல்லாவில் போடுவீர்கள். அந்தக் கல்லாச் சத்தம் கேட்டால்தான் எனக்கு டாக்டர் சொன்னது உறுதியாகும்.

போன வருடம், நோன்பு பிறப்பதற்குச் சில வாரம் முன்னால், உங்கள் மகன் யூசுப் போன் செய்தான். "அங்கிள், அத்தா மவுத்தாயிட்டாங்க." கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காத மனிதர். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பாதியைக் குறைக்க வேண்டும் என்று. பாதி மவுத் என்று ஒன்று இல்லையே.

நான் செல்வாவிடம் வண்டியைக் கேட்டு வாங்கி, விளக்கு மாலைகளை எல்லாம் கழற்றினேன், சாமி படங்களை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன், உள்ளும் புறமும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெறும் வெள்ளை வண்டியாகக் கொண்டுவந்து உங்கள் வீட்டு முனையில் நிறுத்தினேன். யூசுப் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், பள்ளிவாசல் வண்டி வந்திருச்சு."

"தெரியும் தம்பி. சும்மாதான் கொண்டாந்தேன்."

அவன் வண்டியைப் பார்த்தான். கழுவிய ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப பின்னால வாங்க" என்றான்.

நான் எப்போதும் முன்னால் போகிறவன். அன்று முதல் முறையாகப் பின்னால் போனேன். ஒரு மேளம் இல்லை, ஒரு பூ இல்லை. பள்ளிவாசலில் இருந்து மையவாடிக்கு, மையவாடியில் இருந்து மண்ணுக்கு. நான் வேலியோரம் நின்று பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டேன், தொண்டை ரொம்ப வறண்டிருந்தது. சாவு ஒரு நாள் செலவு என்று சொன்னீர்கள். உங்களுக்கு அதுகூட ஆகவில்லை பாய். வெள்ளைத் துணியோடு வேலையை முடித்துக்கொண்டீர்கள். எனக்கு மட்டும் உறுமி மேளத்துக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறது. விட்டுக்கொடுக்க மாட்டேன், அது என் குணம். சென்ற வாரம்கூட செல்வாவைக் கேட்டேன். "அந்தப் பசங்கல்லாம் கல்யாணம் கட்டி, தொப்பை போட்டுட்டானுங்கண்ணே. ஆனா அடிப்பானுங்க" என்றான். இன்னும் கொஞ்சம் தொப்பை போடட்டும்.

இன்று மருத்துவமனையில் இருந்து வழக்கம்போல் கடைக்குப் போனேன். வண்டியை இரண்டு கடை தள்ளி நிறுத்தினேன், அதுவும் நீங்கள் போட்ட விதிதான். கல்லாவில் யூசுப். உங்கள் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தே ஓ கொண்டுவந்து வைத்தான், சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல். குடித்துவிட்டுக் காசை எடுத்து வைத்தேன்.

"வேணாம் அங்கிள், வச்சுக்கங்க."

"ஏன்?"

"அத்தாவோட கூட்டாளி நீங்க. உங்ககிட்ட எப்படி வாங்குறது."

"உங்கத்தா வாங்குவாரு."

"அது அத்தா."

"தம்பி, இன்னிக்கு டாக்டர் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. காசை எடுத்துக்க."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். உங்கள் கண்ணாடி இல்லை, ஆனால் அதே பார்வை. பிறகு காசை எடுத்துக் கல்லாவில் போட்டான். சத்தம் கேட்டது. நான் பிளாஸ்க்கை நீட்டினேன், தண்ணீர் நிறைத்து மூடித் தந்தான். மதியத்து வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. முன்னால் பார்த்து மெதுவாகப் போனேன்.

தே ஓ விலை ஏறிவிட்டது பாய். வெளியே சொல்லும்போது ஐந்து வெள்ளி என்று சொல்வேன். உங்களிடம் சொல்கிறேன், ஒரு வெள்ளி எண்பதுதான். கொடுத்துவிட்டேன்.

மணியம்